துடைப்பதும் துவைப்பதும்

நன்றாகப் பாலிஷ் போட்ட ஒரு கறுப்புத் தோல் ஷூவையும் புதிதாக வெள்ளை பூசிய ஒரு கேன்வாஸ் ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோல் ஷூவின் முனையில் எதிரே இருக்கும் ஜன்னலின் நிழலுரு தெரியும். கேன்வாஸ் ஷூவில் எதன் உருவும் தெரியாது. இரண்டையுமே ‘பளிச்சென்று இருக்கிறது’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் முதலாவதில் நாம் மெச்சுவது வழவழப்பை. இரண்டாவதில் மெச்சுவது, கேட்பதற்குச் சற்று விநோதமாக இருந்தாலும், சொரசொரப்பை.

வழவழப்பான பரப்பில் படும் ஒளி கலையாமல் ஒரே திசையில் திரும்புகிறது. துகள்கள் நிறைந்த பரப்பில் படும் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. முன்னதைப் பளபளப்பு என்கிறோம், பின்னதை வெண்மை என்கிறோம். பாலிஷில் உள்ள மெழுகு தோலின் நுண்பள்ளங்களையும் கீறல்களையும் நிரப்பி மேடுபள்ளத்தைக் குறைக்கிறது. வெள்ளைப் பூச்சு இழைகளின்மேல் எண்ணற்ற துகள்களை ஏற்றி மேடுபள்ளத்தைக் கூட்டுகிறது. ஒரே வேலையை இரண்டு பராமரிப்புகளும் எதிரெதிர்த் திசைகளில் செய்கின்றன என்பதுதான் இந்த ஒப்பீட்டில் முதலில் கண்ணில் படும் வியப்பு.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இந்த இரண்டையும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பல பள்ளிகளில் வாரத்தின் பெரும்பகுதி கறுப்பு ஷூ, விளையாட்டு வகுப்புள்ள நாள்களில் வெள்ளை. ஒரே அலமாரித் தட்டில் இரண்டும் இருக்கும். ஒன்றுக்குப் பாலிஷ் டப்பாவும் பிரஷ்ஷும், மற்றதற்குச் சோப்புத் தூளும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும். இந்த ஏற்பாட்டை வகுத்தவர்கள் ஷூக்களின் நலனை எண்ணி வகுத்திருக்க மாட்டார்கள். ஆயினும் ஒரு ஜோடி காலில் இருக்கும்போது மற்றது ஓய்வெடுக்கிறது. கால் வியர்வையை உறிஞ்சிய ஷூ முழுதாக உலர ஒரு நாளாவது வேண்டும் என்பது தோலுக்கும் பொருந்தும், துணிக்கும் பொருந்தும்.

முதலில் வேறுபாட்டின் வேரைப் பார்ப்போம். தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். கேன்வாஸ் என்பது செல்லுலோஸ் இழைகளின் நெசவு. புரதத்துக்குக் காரம் ஆகாது. செல்லுலோஸுக்கு அமிலம் ஆகாது. பதனிட்ட தோலின் இயல்பு அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 4-ஐ ஒட்டியே இருக்கும். துணி துவைக்கும் சோப்பின் அளவோ 9-க்கும் 10-க்கும் இடையில். எனவே தோல் ஷூவைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைப்பது அழுக்கோடு சேர்த்து, பதனிடும்போது உள்ளே ஏற்றப்பட்ட எண்ணெயையும் வெளியேற்றுவதில் முடிகிறது. காய்ந்த பின் அந்தத் தோல் அட்டைபோல் விறைத்து, விரல் மடங்கும் இடத்தில் வெடிக்கும். கேன்வாஸுக்கோ அதே சோப்புத் தண்ணீர்தான் மருந்து. பருத்தி இழை காய்ந்திருக்கும்போது இருப்பதைவிட நனைந்திருக்கும்போது வலுவானது, தயங்காமல் தேய்க்கலாம். எலுமிச்சைச் சாறு போன்ற அமிலத்தைக் கறை நீக்கப் பயன்படுத்தினால் மட்டும், நன்றாக அலசாமல் விடக் கூடாது.

ஆகவே ஒன்று துடைத்தால் வாழ்வது, மற்றது துவைத்தால் வாழ்வது. இந்த அளவோடு நிறுத்தியிருந்தால் ஒப்பீடு எளிதாக முடிந்திருக்கும். ஆனால் இரண்டு பொருள்களின் பிறப்பையும் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் இந்தக் கோடு கலைகிறது.

தோல் காரத்துக்கு அஞ்சுகிறது என்றோம். ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு பச்சைத் தோல் பதனிடும் கூடத்துக்குள் போனதும் முதற்கட்டத்திலேயே சந்திப்பது சுண்ணாம்புத் தொட்டியை. கடுங்காரமான அந்தக் கரைசலில் ஊறித்தான் மயிர் கழல்கிறது, இழைகள் இறுக்கம் தளர்ந்து விரிகின்றன. பிறகு சுண்ணாம்பை நீக்கி, அமிலப் பக்கத்துக்குக் கொண்டுவந்து, குரோம் உப்பாலோ மரப்பட்டைச் சாற்றாலோ பதனிடுகிறார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் முறை நம் நாட்டில் நெடுங்காலம் ஓங்கியிருந்தது. கேன்வாஸின் கதை இதற்கு வெகு அருகில் ஓடுகிறது. நெய்த பருத்தித் துணியைக் காரத்தில் கொதிக்க வைத்தால்தான் இழையின்மேல் இயற்கை பூசியிருக்கும் மெழுகு நீங்கி, துணி தண்ணீரைக் குடிக்கத் தொடங்கும். தோலின் இயற்கைக் கொழுப்பும் நீக்கப்படுகிறது, பருத்தியின் இயற்கை மெழுகும் நீக்கப்படுகிறது. பின்பு, நீக்கிய இடத்தில் வேறு எண்ணெயை ஏற்றிக்கொண்டது தோல். எதையும் ஏற்றாமல் விடப்பட்டது கேன்வாஸ். அந்த எண்ணெயை வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றிக் கொடுப்பது தோல் ஷூவின் பராமரிப்பு. அந்த வெறுமையைக் காப்பாற்றுவது கேன்வாஸின் பராமரிப்பு.

வெறுமை என்பது எப்போதும் தேவையில்லை. லாரிகளின்மேல் போர்த்தும் தார்ப்பாய், தார் ஏற்றிய கேன்வாஸாகத்தான் பிறந்தது. மெழுகேற்றிய பருத்தித் துணியில் மழைச் சட்டைகள் தைக்கிறார்கள். கேன்வாஸும் விரும்பினால் தோலைப்போல் நீரைத் தள்ளிவிட முடியும். அப்படிச் செய்தால் அது வியர்வையையும் உள்ளேயே நிறுத்திவிடும், வெள்ளையாகவும் இருக்காது. காலணிக்கு அதனால் ஆவதில்லை.

இனி இரண்டு பூச்சுகளுக்கு வருவோம். பாலிஷ் டப்பாவுக்குள் இருப்பது மெழுகும், அதைக் குழைக்கும் டர்பென்டைன் அல்லது பெட்ரோலியக் கரைப்பானும், சாயமும். நல்ல வகைகளில் பிரேசிலின் வடகிழக்கே வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு சேரும். 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும் அந்தக் கடினமான மெழுகுதான் கண்ணாடிப் பளபளப்பைத் தருவது. வெள்ளைப் பூச்சுக்குள் இருப்பது கனிமத் தூளும் தண்ணீரும் ஒட்ட வைக்கும் ஒரு பசையும். சாக்பீஸைக் குழைத்துப் பூசிய தலைமுறைக்குத் தெரியும், அந்த வெண்மை முதல் மழைத் துளியில் மங்கிவிடும். சாக்பீஸ் துகள்களுக்கு இடையே காற்று இருக்கும்வரைதான் ஒளி வலுவாகச் சிதறும். அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியதும் சிதறல் குறைந்து, அடியில் உள்ள பழுப்புத் துணி தெரிய ஆரம்பிக்கும். டைட்டேனியம் டை ஆக்சைடு கலந்த பூச்சுகள் ஈரத்திலும் ஓரளவு வெண்மை காப்பது, அந்தத் துகள் ஒளியை மிகக் கூடுதலாக வளைப்பதால்.

இந்த இரு பூச்சுகளிலும் நீலம் ஒளிந்திருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்! கறுப்புப் பாலிஷில் பரவலாகச் சேர்க்கப்படும் நிக்ரோசின் சாயம் நீலம் பாய்ந்த கறுப்பு. கேன்வாஸை அலசும் கடைசித் தண்ணீரில் நம் வீடுகளில் விடுவது சொட்டு நீலம். பழசான கறுப்பு பழுப்பாக மங்கும், பழசான வெள்ளை மஞ்சளாக மாறும். இரண்டையும் மறைக்க நீலமே கைகொடுக்கிறது.

பூச்சுகளின் வரலாறு இன்னொரு முடிச்சைப் போடுகிறது. வெள்ளை பூசும் வழக்கம் கேன்வாஸிடம் பிறந்ததில்லை. பிரிட்டிஷ் படைவீரர்கள் மார்பின் குறுக்கே அணிந்த வெள்ளைப் பட்டைகள் தோலால் ஆனவை. அவற்றுக்கு வெண்களிமண்ணைக் குழைத்துப் பூசினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ‘பிளாங்கோ’ என்ற வெள்ளைக் கட்டி அந்தத் தோல் பட்டைகளுக்காகவே செய்யப்பட்டு, பிறகுதான் துணிப் பட்டைகளுக்கும் டென்னிஸ் ஷூக்களுக்கும் நகர்ந்தது. கறுப்புப் பாலிஷும் பட்டாளத்தின் வழியாகவே உலகம் சுற்றியது. 1906-இல் மெல்போர்னில் வில்லியம் ராம்சே தொடங்கிய ‘கிவி’ பாலிஷ், முதல் உலகப் போரில் ஆஸ்திரேலிய வீரர்களின் பைகளில் ஏறிப் பரவியது. நம் பள்ளிகளின் காலை அணிவகுப்பில் ஷூவைப் பார்த்து மதிப்பெண் போடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அதே பட்டாளம் கற்றுத்தந்த இன்னொரு உத்தி நம் கோட்டை மீண்டும் கலைக்கிறது. தோலைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது என்றோம். ஆனால் கண்ணாடிபோன்ற பளபளப்பு வேண்டும் வீரர், மெல்லிய மெழுகுப் படலத்தின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்துத் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார். குளிர்ந்த நீர் மெழுகை இறுகச் செய்து, துணி அதை இழுத்துவிடாமல் காக்கிறது. தோலுக்குக் கேடு செய்யும் தண்ணீர் இல்லாமல் தோலின் உச்ச அழகு கிடைப்பதில்லை.

கேன்வாஸ் ஷூவுக்கு இதற்கு ஈடான ஒரு முரண் இருக்கிறது. அதன் துணிப் பகுதி பெரும்பாலானவற்றைத் தாங்கும். ஓரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை தாங்காது. பாலிஷில் உள்ள கரைப்பான் இயற்கை ரப்பரை ஊதிப் பருக்கச் செய்து தளர்த்திவிடும். கறுப்பு ஷூவுக்குப் பூசிய கையோடு அதே துணியால் வெள்ளை ஷூவின் ஓரத்தைத் துடைப்பவர்கள், கறையை மட்டும் அங்கே விட்டுச் செல்வதில்லை. ரப்பர் ஓரத்துக்கு உகந்தது பற்பசை. நம் ஊர்ப் பற்பசைகள் பலவற்றில் தேய்பொருளாக இருப்பது கால்சியம் கார்பனேட். வெள்ளைப் பூச்சில் பார்த்ததைப் போன்ற கனிமத் தூள்தான், இங்கே பூச்சாக இல்லாமல் தேய்ப்பானாக வருகிறது.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது ஒரு குடும்பத்தைக் குறிப்பிடாமல் போவது அநியாயம். 1844-இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரை வேகவைத்து உறுதியாக்கும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். கேன்வாஸும் ரப்பர் அடியும் பிரியாமல் ஒட்டி நிற்பது அந்த முறையின் தயவில். அவருடைய மகன் சார்ல்ஸ் குட்இயர் ஜூனியரின் பெயரில் இருப்பது, தோல் ஷூவின் மேற்பகுதியை ஒரு தோல் நாடாவோடு சேர்த்துத் தைக்கும் இயந்திரம், 1869-ஐச் சேர்ந்தது. தந்தையின் வேலையால் கேன்வாஸ் ஷூவின் அடியை எளிதில் கழற்றவே முடியாது. மகனின் வேலையால் உயர்தரத் தோல் ஷூவின் அடியைக் கழற்றி மாற்றிப் பல ஆண்டுகள் ஓட்டலாம். இந்த ஒரு வேறுபாடே பராமரிப்பின் பொருளாதாரத்தைத் தீர்மானிக்கிறது: அடி மாற்றக்கூடிய ஷூவுக்குச் செலவழிக்கும் பாலிஷ் வீணாவதில்லை. அடி தேய்ந்தால் தூக்கி எறிய வேண்டிய ஷூவைத் துவைப்பதற்கு ஓர் எல்லை உண்டு.

அழுக்கிலும் இரண்டும் வேறு ஒழுங்கைக் கேட்கின்றன. தோலில் சேறு பட்டால் காயும்முன் ஈரத் துணியால் எடுத்துவிட வேண்டும். காயக் காய அது தோலின் ஈரப்பதத்தையும் எண்ணெயையும் இழுத்துக்கொள்ளும். கேன்வாஸில் சேறு பட்டால் காயும்வரை காத்திருந்து தட்டிவிட வேண்டும். ஈரத்தில் தேய்த்தால் இழைகளுக்குள் இறங்கிவிடும். சொரசொரப்பான ஸ்வேடு வகைத் தோல் இந்த ஒன்றில் மட்டும் தன் இனத்தைவிட்டுக் கேன்வாஸின் பக்கம் நிற்கிறது: காயவைத்துத்தான் தட்ட வேண்டும். செம்மண் கறை தனிக் கதை. அதன் நிறம் இரும்பு ஆக்சைடு. பிளீச்சிங் திரவம் அதை அசைக்காது, மாறாகப் பருத்தியை நைய வைக்கும். எலுமிச்சைச் சாறு ஓரளவு கரைக்கும். தோலில் அதே செம்மண் கறையாக நிற்பதைவிட மடிப்புகளில் தங்கி அரத்தைப்போல் அறுப்பதுதான் ஆபத்து. பாலிஷுக்கு முன் உலர்ந்த பிரஷ்ஷால் தூசு தட்டுவதைச் சடங்கு என்று நினைத்துத் தவிர்ப்பவர்கள், மண்ணைத் தோலுக்குள் தேய்த்துவிட்டு மேலே மெழுகு பூசுகிறார்கள்.

இதுவரை சொன்ன வேறுபாடுகள் அனைத்தும் அழுக்கு நீக்குவதைப் பற்றியவை. என் கணிப்பில், ஷூக்கள் அழுக்கால் சாவதைவிடத் தவறாக உலர்த்தப்பட்டுச் சாவதே அதிகம். இங்குதான் தோலும் கேன்வாஸும் எதிர்பாராத நெருக்கம் காட்டுகின்றன.

நனைந்த தோல் ஷூவை அடுப்பருகிலோ உச்சி வெயிலிலோ வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இழையின் வேதியியலில் இருக்கிறது. ஈரமான பச்சைத் தோல் சுமார் 65 டிகிரி செல்சியஸில் சுருங்கிவிடும். பட்டையால் பதனிட்டது அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும், குரோமால் பதனிட்டது 100 டிகிரி வரையிலும் தாங்கும். பள்ளி ஷூவோ அலுவலக ஷூவோ வெயிலில் சுருங்கிவிடாது. ஆனால் தண்ணீர் விரைவாக வெளியேறும்போது எண்ணெயும் சேர்ந்து மேற்பரப்புக்கு நகர்கிறது, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி விறைக்கின்றன, வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் பூக்கிறது. கேன்வாஸை வெயிலில் வைத்தால் பருத்திக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பி, மதில்மேல் சாய்த்து வைக்கிறோம். மாலையில் எடுத்துப் பார்த்தால் ஓரங்களில் மஞ்சள். சோப்பை முழுதாக அலசாததும், ரப்பரிலும் பசையிலும் உள்ள சேர்மங்கள் தண்ணீரோடு ஏறி வெயிலில் நிறம் மாறுவதும் இதற்குக் காரணம். பாதிக்கப்படும் பொருள் வேறு, நடப்பது ஒன்றே: ஆவியாகும் தண்ணீர் உள்ளே இருப்பதைச் சுமந்துகொண்டு மேற்பரப்புக்கு வந்து, அங்கே இறக்கிவிட்டுப் போகிறது.

தீர்வும் ஒன்றே, திசை மட்டும் மாறுகிறது. தோல் ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணிக்கிறோம். அது ஈரத்தை உள்பக்கமாக இழுத்துக்கொள்கிறது, வடிவமும் கெடாது. கேன்வாஸ் ஷூவின்மேல் வெள்ளை டிஷ்யூ காகிதத்தை ஈரத்தோடு ஒட்டிச் சுற்றுகிறோம். தண்ணீர் காகிதத்தின் வழியாக ஆவியாகி, மஞ்சளைக் காகிதத்திலேயே விட்டுப்போகிறது. உள்ளே காகிதம் ஒன்றுக்கு, வெளியே காகிதம் மற்றதற்கு. இதை முதலில் கண்டுபிடித்தவர் எந்த ஊர் அம்மாவாக இருந்தாலும் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டியவர். அச்சு மை கறை பிடிக்கும் என்பதால் கேன்வாஸுக்குச் செய்தித்தாள் மட்டும் வேண்டாம். நிழலும் காற்றோட்டமும் இரண்டுக்கும் பொது. மின்விசிறியின் அடி போதும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இருவரையும் தாக்கும் பகைவன் பூஞ்சை. மூடிய அலமாரியிலும் பிளாஸ்டிக் பையிலும் அது செழிக்கும். தோலில் அது பெரும்பாலும் மேற்பரப்பில் சாம்பல் பூத்தாற்போல் படரும். உலர்ந்த துணியால் துடைத்து, காற்றில் வைத்து, பாலிஷ் போட்டால் தடயம் குறையும். கேன்வாஸில் அது செல்லுலோஸையே உண்பதால் கறும்புள்ளியாக இழைக்குள் இறங்கும். எத்தனை முறை துவைத்தாலும் முழுதாகப் போகாது. துவைக்கத் தகுந்தது என்று நாம் நம்பிய துணி இங்கே தோற்கிறது, துவைக்கத் தகாத தோல் தப்பிக்கிறது.

இடையே ஓர் எச்சரிக்கை. கடைகளில் தோல் ஷூ என்று கேட்டு வாங்கும் பள்ளி ஷூக்களில் பல தோலே இல்லை, ரெக்சின். பார்வைக்குத் தோல், உள்ளே துணியின்மேல் பூசிய பிளாஸ்டிக் படலம். அதற்குள் எண்ணெயோ மெழுகோ இறங்காது, எனவே வாரம் தவறாமல் பாலிஷ் போட்டும் பயனில்லை. ஈரத் துணியால் துடைத்தால் போதும். பாலியூரித்தேன் வகையாக இருந்தால் ஈரக் காற்றில் தானாகச் சிதைந்து உரியும். அதை எந்தப் பாலிஷும் தடுக்காது. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் உண்மை தெரியும்: பஞ்சுபோன்ற இழை தெரிந்தால் தோல், நெசவுத் துணியின்மேல் படலம் தெரிந்தால் ரெக்சின்.

இந்த இரு வேலைகளையும் நம் சமூகத்தில் நெடுங்காலம் செய்தவர்கள் யார் என்பதும் ஒப்பீட்டின் ஒரு பகுதியே. தோலைத் தொட்டவர்களைத் தீட்டு என்று ஒதுக்கிய சாதி ஒழுங்கு, அழுக்குத் துணியைத் துவைத்தவர்களையும் தாழ்த்தியே வைத்தது. பளபளப்பும் வெண்மையும் மதிப்பின் அடையாளங்களாக இருந்தன. அவற்றை உண்டாக்கிய கைகளுக்கு அந்த மதிப்பு கிடைக்கவில்லை. இன்று இரண்டையும் பெரும்பாலான வீடுகளில் அம்மாக்களோ பிள்ளைகளோ செய்கிறார்கள். பேருந்து நிலைய வாசலில் ஷூ தைத்துத் தருபவரிடம் பேரம் பேசுவதற்கு முன், அவர் ஊசியில் நிற்கும் ஷூவின் ஆயுளையும் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

எது எளிது என்று கேட்டால், என் தீர்ப்பு இது. தோல் ஷூ நாள்தோறும் சில நிமிடம் கேட்கிறது, கேன்வாஸ் ஷூ வாரத்தில் ஒரு முழுப் பகல் கேட்கிறது. முதலாவது நம் ஒழுங்கைச் சார்ந்தது. இரண்டாவது வானத்தைச் சார்ந்தது. அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை அந்தப் பகல் பல வாரங்களில் கிடைப்பதே இல்லை. செவ்வாய்க்கிழமை நனைந்த வெள்ளை ஷூ புதன்கிழமைக் காலைக்குள் உலராது என்பதை எந்தப் பிரஷ்ஷாலும் மாற்ற முடியாது. ஈர ஷூவில் நாள் முழுக்க நிற்கும் பிள்ளையின் கால்விரல் இடுக்குகளுக்கு அதனால் வரும் கேட்டைப் பள்ளி பார்ப்பதுமில்லை. பள்ளி நிர்வாகங்கள் மழைக்காலத்திலாவது வெள்ளை நாள், கறுப்பு நாள் என்ற கண்டிப்பைத் தளர்த்தி, எந்த ஜோடி உலர்ந்திருக்கிறதோ அதை அணிந்துவரப் பிள்ளைகளை அனுமதிக்க வேண்டும்.